பாலத்து வில்லனின் பேருரை

வீடியோ கேம் ஒன்றில் மரப்பாலத்தை மறித்து நிற்கும் சில்லறை வில்லன் அந்தக் கழுதைப்புலி. வருகிற வீரனெல்லாம் அதன் வீரவசனத்தை ஸ்கிப் செய்து, ஒரே வெட்டில் சாய்த்துவிட்டுப் போவான். அடுத்த ஆட்டத்தில் மறுபடி எழுந்து நிற்கும், மறுபடி சாகும்.

ஒருநாள், விளையாடிக்கொண்டிருந்தவன் பரோட்டா வந்துவிட்டதென்று பாதியில் எழுந்து போனான். திரைக்குள் அவனுடைய வீரன் ஓங்கிய வாளோடு அப்படியே நின்றான். கழுதைப்புலி வசனம் முழுவதையும் பேசித் தீர்த்தது.

"சிலை மாதிரி நிக்கிறான், குரல்வளையைக் கடிடா!" என்று கத்தியது பக்கத்திலிருந்த புதையல் பெட்டி.

"வாயை மூடு. எவ்வளவு மரியாதையா கேக்குறான் பாரு!" என்ற கழுதைப்புலி, தொண்டையைச் செருமிக்கொண்டு வரவேற்புரையிலிருந்து மறுபடியும் தொடங்கியது.

நன்றியுரையின் நடுவில் பரோட்டா தீர்ந்துபோனது. வாள் இறங்கியது.

உருண்டு வந்த தலை பெட்டியிடம் பெருமையாகச் சொன்னது: "பாத்தியா? நன்றியுரை வரைக்கும் ஒருத்தன் இடத்தை விட்டு நகரலை!"