கண்ணாடிப் பறவையின் வால்

அக்விலேயா நகரக் கடைத்தெருவில் கணவன் கல்யாணத்தின்போது வாங்கித் தந்த கண்ணாடிப் பறவை அது. வாலை ஒடித்தால்தான் உள்ளே இருக்கும் கன்னத்தில் பூசும் சிவப்புப் பொடி கொட்டும். மனசு வராமல் இருபது வருஷம் வைத்திருந்த சபீனா, இன்று பட்டென்று ஒடித்தாள்.

“புருஷன் படுத்த படுக்கையா கிடக்காரு. உனக்கு இப்ப மினுக்கு கேக்குதா?” என்றாள் பக்கத்து வீட்டு ஃபடில்லா.

“பட்டாளம் இந்த வழியாப் போகுது. பையன் ஒரு எட்டு வந்துட்டுப் போவான்.”

உள்ளே போய், கணவனின் வெளுத்த கன்னத்தில் பொடியைத் தடவினாள்.

“கூசுதுடி.”

“ஆடாதீங்க. உங்களை இப்படிப் பார்த்தா அவன் திரும்பிப் போக மாட்டான். போகலேன்னா பட்டாளத்துல அடிச்சே கொன்னுடுவாங்க.”

மகன் வந்தான். அப்பாவைக் கட்டிக்கொண்டான். சிரித்துப் பேசிவிட்டுக் கிளம்பினான்.

வாசலில்தான் சபீனா பார்த்தாள், அவன் கன்னத்தில் சிவப்பு. மேலாடை நுனியால் அவசரமாகத் துடைக்கப் போனாள்.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“துடைக்காதேம்மா. இருக்கட்டும்.”