இரண்டாவது டேங்க்

“வேணாம்னா வேணாம்லா, பாலா. ஒரு டேங்க் போதும்.”

சுகுமாறன் எழுந்து, லோரியைக் கழுவ வாசலுக்குப் போய்விட்டார்.

பாலனுக்குப் பொறுக்கவில்லை. கிள்ளானில் லோரி ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். நல்லது சொல்ல வந்தவன்.

“நீங்களே சொல்லுங்க அக்கா. பழைய லோரி, சின்ன டேங்க். அலோர் ஸ்டார் போய்த் திரும்ப டீசல் பத்தல. அண்ணன் ஹைவேயை விட்டு இறங்கி, தைப்பிங் டவுனுக்குள்ள போய் நிரப்புறாரு. பக்கத்துல இன்னொரு டேங்க் மாட்டிட்டா எங்கயும் நிக்க வேணாம். பெர்மிட்டெல்லாம் நானே பாத்துக்கறேன்.”

“அவரு என்னதான் சொல்றாரு?” என்றாள் சுகுமாறனின் மனைவி தாமரை, தேநீரை அவன் பக்கம் நகர்த்தியபடி.

“போன வாரம் பாரம் கூடும்னாரு. நேத்து டேங்க் ஒழுகும்னாரு. இன்னிக்கு லோரியோட அழகு கெட்டுடுமாம். அந்த லோரிக்கு அழகு!”

தாமரை சிரித்துவிட்டாள்.

“சிரிக்காதீங்க அக்கா.” பாலன் வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். “சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். என் டிரைவர் ஒருத்தன் தைப்பிங்ல பாத்திருக்கான். டீசல் போட்டதும் அண்ணன் லோரியை ஓரங்கட்டிட்டு, நீங்க கட்டிக் குடுக்கற சாப்பாட்டுக் கேரியரத் தூக்கிக்கிட்டு பின்னால இருக்கற பிளாட்டுக்குப் போறாராம். கொட்டற மழையில, கேரியர நெஞ்சோட அணைச்சுக்கிட்டு! ஒரு பொண்ணு கதவத் திறக்குதாம்.”

“சின்ன வயசா?”

“சின்ன வயசுதான்.”

“ஆளு எப்படி? மெலிஞ்சிருக்காளாமா?”

“அதெல்லாம் எதுக்கு அக்கா? உங்க மக சொல்லாமக் கொள்ளாம கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணிட்டுப் போனப்ப, அவ பேரே இந்த வீட்ல கேக்கக் கூடாதுன்னு குதிச்ச மனுஷன். எவ்ளோ ரோஷம்! இப்ப அவரு பண்ற வேலையப் பாருங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே டேங்க்க மாட்டிடறேன். தைப்பிங் கதை அதோட முடிஞ்சுது.”

தாமரை ஒரு துணியால் கேரியரின் அடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“டேங்க் வேணாம், தம்பி.”

“அக்கா!”

“கல்யாணமான நாள்லேருந்து பாக்கறேன். அவரு சாப்பிட்டா கேரியரக் குழம்பும் கறையுமா அப்படியே கொண்டுவந்து போடுவாரு. ஒரு நாள் கழுவினதில்ல. கொஞ்ச நாளா என்னடான்னா, பளபளன்னு தேச்சு வருது. அடி அடுக்குல ஒரு பிடி சீனியோட.”

“சீனியா?”

“அடுத்த வீட்டுப் பாத்திரத்த வெறுமனே திருப்பித் தரக் கூடாதுன்னு என் மகளுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

பாலனின் கோப்பை பாதியில் நின்றது.

வெளியே தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே சுகுமாறன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாளை அலோர் ஸ்டார் லோடு.

“எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா கூச்சப்பட்டு, அங்க போறதையே நிறுத்திடுவாரு. நீங்களும் காட்டிக்காதீங்க” என்றாள் தாமரை.

பாலன் கோப்பையைக் கீழே வைத்தான்.

“ஆறிடப் போகுது, குடிங்க தம்பி. அதுல போட்டிருக்கறதும் அவ குடுத்த சீனிதான்.”