கட்டைவிரல் முதலில்

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவள் கணவன் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தான்.

"மேல ஒண்ணு விட்டுப் போச்சு, பாருங்க."

"மெஷினுக்குப் பொத்தானெல்லாம் எண்ணத் தெரியாதுடி" என்று சிரித்துவிட்டு அப்படியே போனான்.

பந்தை உருட்டிப் பின்களை வீழ்த்தி ஆடும் பௌலிங் கூடத்துக்கு அன்று வார விடுமுறை. அவன் அங்கே மெக்கானிக். விடுமுறையன்றுதான் இயந்திரங்களைப் பிரித்துத் துடைப்பான். மறுநாள் காலை, ஆறாம் லேனுக்குப் பின்னால், விழுந்த பின்களை அள்ளி அடுக்கும் இயந்திரத்துக்குள் அவனைக் கண்டார்கள். சுவிட்சை அணைக்காமல் உள்ளே போயிருக்கிறான், கவனக்குறைவு என்று எழுதி இன்ஸ்பெக்டர் கோப்பை மூடினார்.

"அணைக்காம அவரு மெஷினைத் தொடவே மாட்டாரு சார்" என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. செத்தவன் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்றால் அவன் பேரில் எதையும் எழுதலாம்.

இரங்கல் கூட்டத்தில், கூடத்துக்கு வருபவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் கோச் அதிக நேரம் பேசினார். தான் அன்று மாமனார் வீட்டில் இருந்ததாகவும், இங்கே இருந்திருந்தால் உயிரைக் காப்பாற்றியிருப்பேன் என்றும் சொன்னார். பாதிக்கு மேல் தன்னைப் பற்றியே பேசினார். என்றைக்கோ வாங்கிய கோப்பையோடு அவர் நிற்கும் படம் கூடத்துச் சுவரில் இருந்தது. மாட்டியவரும் அவரேதான்.

'கவனக்குறைவு' என்ற அந்த ஒரு சொல்லை அழிக்க வேண்டும் என்று அவள் கொஞ்ச நாள் போலீஸ் ஸ்டேஷன் படியேறினாள். பிறகு அதையும் மறந்துவிட்டாள் போலிருந்தது. ஒருநாள் கோச்சின் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு ஹூக் பந்து, அதான் கடைசியில வளையுமே, அது போடச் சொல்லிக்கொடுங்க சார்."

கோச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"புருஷன் செத்த இடத்துல பந்து உருட்ட வந்திருக்கா. பவுடர் வேற!" என்றாள் ஷூ கொடுக்கும் பெண், காதில் விழும்படியே.

அதன் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் வந்தாள். எந்தப் பந்தும் உருப்படவில்லை. எல்லாம் ஓரப் பள்ளத்தில் விழுந்து, கௌரவமாகக் கடைசிவரை உருண்டுபோயின.

"மணிக்கட்டு என்ன துணி பிழியறதுக்கா இருக்கு? கட்டைவிரல் முதல்ல வெளிய வரணும். அப்புறம் மத்த ரெண்டு விரலால சுண்டிவிடணும். கை குலுக்கப் போற மாதிரி முடிக்கணும். எத்தனை தடவைம்மா சொல்றது?"

"தரை கொஞ்சம் சாய்வா இருக்கோ சார்?"

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்!"

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். ரோஷம் என்ற ஒன்று இருப்பவள் அன்றே ஷூவைக் கழற்றி வைத்திருப்பாள்.

"எங்க வீட்டுக்காரருக்கே நேரா போடத்தான் வந்துச்சு. எனக்கு எங்க வரப்போகுது!"

அது உண்மை. ஆட்கள் போனபின் அவனும் பந்து உருட்டுவான். கோடு கிழித்தாற்போல் நேராகவே போகும். அதனால் கூடத்தில் அவனுக்கு 'ஸ்கேல்' என்று பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் நெரிந்தது. பக்கத்து லேனில் வாடகை ஷூ போட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டர் குடும்பத்தோடு விளையாடிக்கொண்டிருந்தார். கல்லாவில் முதலாளி. அவள் வழக்கம்போல் பந்தைப் பள்ளத்தில் விட்டாள். கோச் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும் குரலில் கேட்டாள்: "இவ்வளவு சொல்றீங்களே சார், நீங்க சொல்லிக்கொடுத்து ஒருத்தருக்காவது ஹூக் வந்திருக்கா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோச்சின் முகம் கறுத்தது.

"ஏன், உங்க வீட்டுக்காரருக்கே நான்தாம்மா சொல்லிக்கொடுத்தேன்! ஸ்கேலு ஸ்கேலுன்னு சிரிச்சாங்களே, அந்த ஸ்கேலை வளைச்சது யாரு? கட்டைவிரல் வெண்ணெய்ல விட்டு எடுத்த மாதிரி வெளிய வரும். கடைசி மூணு அடியில பந்து சட்டுனு இடப்பக்கம் திரும்பும். போட்டுட்டு ஒத்தைக் கால்ல கொக்கு மாதிரி நிப்பாரு. என் கண்ணாலயே பார்த்தேன்!"

"ஸ்கேல் அண்ணன் வளைச்சுப் போட்டாரா? நாங்க யாரும் பார்த்ததில்லையே" என்றாள் ஷூப் பெண்.

"அது... ஆளில்லாத ஒரு நாள்..."

"வீட்டுல வெறுங்கையாலதான் பழகினாரு" என்றாள் அவள், அமைதியாக. "பந்துல போட்டுப் பார்க்க முதல் தடவையா கிளம்பினது அந்த லீவு நாள் சாயங்காலம். ரெண்டாவது தடவை போட அவரு திரும்பி வரல."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தார்.

"மாத்துச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்றார் முதலாளி.

கோச் அவரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், சுவரிலிருந்த தன் படத்தைப் பார்த்தார்.

"என்னையே ஜெயிச்சுட்டான் சார். ஜெயிச்சுட்டு, 'பந்து உள்ள மாட்டிக்கிச்சு, எடுத்துட்டு வரேன், இன்னொரு ஆட்டம் போடலாமா'ன்னு சிரிக்கிறான். ஒரு மெக்கானிக்! சுவிட்சை அணைச்சுட்டுத்தான் உள்ள போனான். நான்தான் திரும்ப..."

வாடகை ஷூவோடேயே இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்தார். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வாசலருகே இன்ஸ்பெக்டர் நின்று திரும்பினார். "ஏம்மா, இந்த ஆள் சொல்லிக்கொடுக்கலைன்னா, உங்க வீட்டுக்காரருக்கு ஹூக்கை யாரு சொல்லிக்கொடுத்தது?"

அவள் பந்து மேடையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஆறாம் லேனுக்குப் போனாள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் கையிலிருந்து எப்படிப் போகுமோ, அப்படியே போய்க் கடைசி மூன்றடியில் இடப்பக்கம் வளைந்தது பந்து.