இடது பூட்ஸின் வயிற்றெரிச்சல்

ஒரு கடையில் மணல் நிறத்தில் பாலைவன பூட்ஸ் ஒரு ஜோடி இருந்தது. வலது, வாசல் கண்ணாடி அலமாரியில். இடது, பெட்டிக்குள் இருட்டில். வருகிறவர்கள் எல்லாரும் வலதைத்தான் வளைத்துப் பார்த்தார்கள், காலில் போட்டு நடந்தார்கள்.

"எனக்கு மட்டும் என்ன குறைச்சல்?" என்று இடது பொருமியது.

"வெயில்ல நான் கருவாடா காயறேன்" என்றது வலது.

"ரொம்பப் பீத்திக்காதே!"

ஒருநாள் எல்லைக்குப் புறப்பட்ட ராணுவக்காரர் ஒருவர் இரண்டையும் எடுக்கச் சொன்னார். தையலை இழுத்துப் பார்த்தார். இரண்டையும் மாட்டி நடந்தார். இடது பூரித்துப்போனது.

"வலது வெளுத்துத் தளர்ந்திருக்கு. இது வேண்டாம், வேற ஜோடி காட்டுங்க" என்றார்.

இரண்டும் ஒரே பெட்டிக்குள் போயின.

"பார்த்தியா?" என்று இடது குமுறியது. "குறை சொல்றப்பகூட உன்னைத்தான் சொல்றார்!"