பிடியை விட்ட பிறகு

அவன் முழங்கைக்குள் இறுகியிருந்த கழுத்தில் ஏதோ ஒடிந்தது.

சுள்ளி முறிவது போலச் சின்னச் சத்தம். மல்யுத்தக் கொட்டகையில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

பிடியை விட்டுவிட்டு எழுந்தான்.

நடுவர் ஓடிவந்து அவன் வலது கையைத் தூக்கிப் பிடித்தார். தென்ஜில்லா சாம்பியன். தூத்துக்குடியே கூரை பிய்யக் கத்தியது. யாரோ கழுத்தில் மாலையைப் போட்டார்கள்.

எதிராளி மரியசூசை மட்டும் எழவில்லை. மல்லாந்து கிடந்தான்.

ஆறு வருஷமாக ஒரே வண்டியில் ஊர் ஊராகப் போனவர்கள். பகலில் வித்தை காட்டும்போது அவன் நெஞ்சின் மேல் பலகை போட்டு மோட்டார் காரை ஏற்றி இறக்குவது சூசைதான். ஒருநாளும் சக்கரம் பிசகியதில்லை. சாயங்காலம் இருவரும் குஸ்தி போடுவார்கள். யார் ஜெயிப்பது என்று வண்டியிலேயே பேசி வைத்துக்கொள்வார்கள்.

இன்று பட்டத்துக்கான பந்தயம். பேசவில்லை.

கழுத்துப் பிடி இறுகியபோது அவன்தான் சூசையின் காதில் சொன்னான்.

"தரையத் தட்டுடே. விட்டுருதேன்."

சூசை தட்டவில்லை. சிரித்த மாதிரி இருந்தது.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

கொஞ்சம்தான்.

மாலையோடு சூசையின் தலைமாட்டில் மண்டியிட்டான். சூசையின் முகத்தில் வலியே இல்லை. உதட்டில் மணல் ஒட்டியிருந்தது. விரலால் துடைத்துவிட்டான்.

"அண்ணாச்சி."

"சொல்லுடே."

"எங் காலு மேல உக்காந்திருக்கியளா? மரத்துக் கெடக்கு. எந்திங்க."

அவன் திரும்பிப் பார்த்தான்.

காலருகே யாரும் இல்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்தக் கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, விழுந்த வாக்கிலேயே கிடந்தன.

நாலைந்து பேர் அவனைத் தோளில் தூக்க ஓடிவந்தார்கள். கையை வீசினான். மாலை அறுந்து சிதறியது.

"டாக்டரக் கூப்பிடுங்கய்யா!"

அவன் குரல் போலவே இல்லை. மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

"எந்திங்கன்னா, அண்ணாச்சி."

நகர்ந்து போய் சூசையின் பாதத்தைத் தொட்டான். அழுத்தினான். பெருவிரலை நகம் பதியக் கிள்ளினான்.

சூசை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மெல்ல எழுந்து நின்றான். எழுந்தது தெரியும்படி இரண்டடி தள்ளியும் நின்றான்.

"எந்திச்சிட்டேன்டே."

சூசை மூச்சு விட்டான்.

"ஆங். இப்பம் லேசா இருக்கு."