மூத்தவளுக்கு இருமல்

“உங்க மூத்த சம்சாரம் இன்னிக்கும் இருமுறாளா?” என்று கேட்டபடி ஃப்ளாஸ்க்கோடு கொட்டகைக்குள் வந்தாள் மனைவி.

இரண்டு பேர் உட்காரும் அந்தச் சின்ன விமானத்தை அவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தார். அன்றிலிருந்து அவளுக்கு அது சக்களத்திதான். பார்வை மங்கிவிட்டதால் இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, அதை விற்க விலையும் பேசியாகிவிட்டது. ஆனால் வாங்க வருபவர் தரையில் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் இன்ஜின் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடி, பிறகு திக்கித் திணறி நின்றுவிடுகிறது.

“பெட்ரோல்ல தண்ணி இல்ல, ஃபில்டர் சுத்தமா இருக்கு, கார்புரேட்டரையும் கழட்டிப் பார்த்தாச்சு. அப்புறம் என்னடி கோளாறு?”

“என்னைக் கேட்டா? மதியம் வாங்கறவர் வர்றாராம். இன்னிக்கும் நின்னுபோனா வேண்டவே வேண்டாமாம்.”

அவள் டம்ளர் கழுவப் போனாள். அவர் டேங்க் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. அவருக்குப் பொறி தட்டியது. டேங்குக்குள் காற்று போகாவிட்டால் பெட்ரோல் எப்படி இறங்கும்?

டேங்குக்குக் காற்று போவதற்காக இறக்கைக்கு அடியில் இருந்த குழாயை இடுக்கியால் துழாவினார். வெள்ளைப் புள்ளி போட்ட ஊதாத் துணி ஒன்று சுருளாக வந்தது. கல்யாணமான புதிதில், முதல்முதலாகப் பறந்த அன்று, பயத்தில் அவர் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவள் தலையில் கட்டியிருந்த துணி.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?” உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கேட்டாள் அவள்.

“எங்க! ஒண்ணும் பிடிபடல” என்றவர், துணியை மறுபடி சுருட்டி, இருந்த இடத்திலேயே பத்திரமாகச் செருகினார்.