மண்வெட்டி டீச்சர்

"அந்த மண்வெட்டி டீச்சரை யாருடி கூப்பிட்டது?"

அம்மா முழங்கையால் இடித்த பிறகுதான் அவள் வாசலைப் பார்த்தாள். டீச்சருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஊன்றுகோல். நெற்றிச் சுருக்கம் மட்டும் அன்று போலவே இருந்தது.

"நான் கூப்பிடலம்மா."

"அப்ப மூக்குல வேர்த்து வந்துட்டாளா?"

இன்னும் சற்று நேரத்தில் திறப்பு விழா. காது கேட்காததோடு பார்வையிலும் நடையிலும் சிரமம் உள்ள பிள்ளைகளுக்காக, காது கேளாதோர் பள்ளியின் பின்பக்கம் ஒரு விளையாட்டுத் திடல். மணல்குழி, தண்ணீர் ஓடும் தாழ்வான தொட்டி, கிள்ளி முகர வாசனைச் செடிகள், குதித்தால் உள்ளங்காலில் அதிர்வு ஏறும் மரமேடை. எல்லாம் அவள் திட்டமிட்டு வரைந்தது. வெறுங்காலோடு நடந்து பார்த்து ஒவ்வொன்றுக்கும் சரி சொன்னது அண்ணன்.

அண்ணனும் இங்கே படித்தவன்தான். காது கேட்காது. கண்ணும், முகத்துக்கு நேரே வந்தால்தான் தெரியும்.

சின்ன வயதில் சாயந்தரமானால் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அவனைக் கூட்டிப்போக வருவாள் அவள். மற்ற பிள்ளைகள் மடிப்புக் கலையாமல் வரிசையில் வருவார்கள். அண்ணன் மட்டும் முட்டிவரை சேற்றோடு வருவான்.

"இன்னைக்கும் தப்பு பண்ணான். பின்னாடி மண்ணைக் கொத்தி, செடிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னேன்." டீச்சர் சிரிக்காமல் சொல்வார்.

பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவான். அவன் சட்டையிலிருந்து வரும் ஈரமண் வாசனை அவளுக்குப் பிடிக்கும். அதை அம்மாவிடம் சொல்ல முடியுமா? வீட்டுக்கு வந்ததும் அவனை வாளி முன் உட்கார வைத்து, நகக்கண்ணில் இருக்கும் மண்ணைத் தேய்த்துக்கொண்டே டீச்சரின் பரம்பரையைத் திட்டித் தீர்ப்பாள் அம்மா. அண்ணன் எதுவும் கேட்காமல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். 'மண்வெட்டி டீச்சர்' என்ற பெயர் அந்த வாளியடியில் பிறந்ததுதான்.

"நீ போய்ச் சொல்றியா, நான் போகவா?" என்றாள் அம்மா.

"நானே போறேன். நீ வந்தா இது குழாயடிச் சண்டையாயிடும்."

வாசலுக்குப் போனாள்.

"வாங்க டீச்சர். ஒரே கூட்டமா இருக்கு. இன்னொரு நாள் நிதானமா வந்து பாருங்களேன்."

டீச்சர் அவளை உற்றுப் பார்த்தார். "நீ அவன் தங்கச்சிதானே? ஓரமா நின்னு பார்த்துட்டுப் போயிடறேம்மா."

"நிக்கவும் இடம் இல்ல டீச்சர்."

"சரிம்மா."

டீச்சர் ஊன்றுகோலைத் திருப்பி ஊன்றினார். அதற்குள், சுவரைத் தடவிக்கொண்டே வந்த அண்ணன் அவர் முகத்துக்கு அருகே குனிந்து பார்த்தான். பார்த்த வேகத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, கையால் பேசினான். "எங்கே அனுப்பற? நான்தான் வரச் சொன்னேன். டீச்சர்தான் திறக்கணும்."

அவள் அவன் கண்ணருகே கையைக் கொண்டுபோய்ப் பதில் சொன்னாள். "உன்னை வருஷம் பூரா தண்டிச்சவங்க. மறந்துட்டியா?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப இங்க என்ன சட்டம் தெரியுமா? கையால பேசக் கூடாது. வாயால ஒரு வார்த்தை சரியா சொன்னாதான் விளையாட விடுவாங்க. அது பெரிய சார் போட்ட சட்டம். எனக்கு எவ்வளவு முக்கினாலும் வார்த்தை வரல."

"அப்ப உனக்கு விளையாட்டே கிடையாதா?"

அதற்குள் அம்மாவும் வந்து சேர்ந்துவிட்டாள். "என்னடி ரெண்டு பேரும் கையை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க? அந்தம்மா என்ன சொல்லுது?"

"கொஞ்சம் இரும்மா."

"பழசை விடுப்பா" என்று டீச்சர் அவன் கையைத் தட்டினார். அவன் விடவில்லை.

"வீட்டுல ஏன் சொல்லல?" என்று கேட்டாள் தங்கை.

"அப்ப உங்க யாருக்குக் கையைப் படிக்கத் தெரியும்? நீ கத்துக்கிட்ட பிறகும் டீச்சர் விடல. பெரிய சார் காதுக்குப் போனா வேலை போயிடும்னாங்க. இப்பத்தான் சொல்லலாம்னு அனுமதி கொடுத்தாங்க."

"எதைச் சொல்லலாம்னு?"

அண்ணன் நெற்றியைச் சுருக்கி டீச்சரைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டான். இடது உள்ளங்கையை விரித்து, அதில் வலது விரல்களால் ஏதோ சொல்லிக் காட்டினான்.

"என்னடி சொல்றான்?" அம்மா அவள் தோளை உலுக்கினாள்.

அவள் அம்மா பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"தினமும் காலையில டீச்சர் மேஜைக்கு அடியில அவன் கையைப் பிடிச்சு, யாருக்கும் தெரியாம கேட்பாங்களாம்மா: 'இன்னைக்கு என்ன தப்பு பண்ணப் போற?'"